கமா சாரின் மூன்று காலங்கள்

சக்கரம் மூன்றாவது முறையும் ‘சார்’ என்ற பெயரிலேயே வந்து நின்றது.

கணினித் திரையில் சுற்றுகிற வண்ணச் சக்கரம் அது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரின் பெயர்களை அதில் ஏற்றிச் சுழற்றிவிட்டால், முள் யார் பெயரில் நிற்கிறதோ அவர் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். முந்தின நாள் சோதித்துப் பார்ப்பதற்காக ‘சார்’ என்று தன்னையும் அதில் சேர்த்துவைத்த ஆசிரியருக்கு, இப்போது அதை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

"சார், நீங்களே சொல்லிடுங்க சார்" என்றது ஏதோ ஒரு பிள்ளையின் குரல்.

"இல்லப்பா, அது, வந்து, தப்பா நின்னிருக்கு" என்றார் சார்.

இப்படி வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று பேசுவதால்தான் அவருக்குக் கமா சார் என்று பெயர். இருபத்தாறு வருடமாக இலக்கணம் நடத்துகிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய பிள்ளைகள் அவர் மூச்சு வாங்கிய இடத்தில் எல்லாம் ஒரு கமா போட்டு வைக்க, அப்போது ஒட்டிக்கொண்ட பெயர். அவர் இல்லாத நேரத்தில் தலைமையாசிரியையும் அப்படித்தான் சொல்வார்.

பள்ளிக்கூடத்தின் கூரையைப் பிரித்துப்போட்டு ஐந்து மாதமாகிறது. புதுக் கூரை போடும்வரை வகுப்பெல்லாம் கணினி வழியாகத்தான். அந்தப் பள்ளி எட்டாம் வகுப்பில்தான் தொடங்கும் என்பதால், இந்த வருடம் சேர்ந்த பிள்ளைகளில் ஒருவரைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. திரையிலும் முகம் கிடையாது, கறுப்புச் சதுரங்கள்தான். சதுரத்துக்கு அடியில் பிள்ளையின் பெயரும் இருக்காது. போனுக்குச் சொந்தக்காரர் என்றைக்கோ வைத்த பெயர் இருக்கும். ‘தையல் கடை’, ‘சித்தப்பா’, ‘பேக்கரி’, ‘லாரி ஷெட்’, ‘அம்மா பழைய போன்’.

"தையல் கடை, நீ சொல்லும்மா" என்பார் சார். தையல் கடை பேசாது.

"சித்தப்பா, நீயாவது சொல்லுப்பா" என்பார். சித்தப்பாவும் பேசாது.

ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு அவரே பதிலைச் சொல்லி, அவரே "வெரி குட்" என்றும் சொல்லிக்கொள்வார். ஐந்து மாதமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

போன வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டார்.

"சார், ஒரு கம்பெனிக்காரங்க ரெக்கார்டு பண்ண பாடம் தர்றாங்க. கரடி ஒண்ணு வந்து கிராமர் சொல்லிக் குடுக்குது."

"கரடியா, மேடம்?"

"கண்ணாடி போட்ட கரடி. நல்லாத்தான் பேசுது. பேரன்ட்ஸுக்கெல்லாம் விஷயத்தச் சொல்லி சாம்பிளும் அனுப்பி வெச்சிருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி உங்க கிளாஸுல வந்து உக்காருவார். ஆக்டிவிட்டி இருக்கணும். பிள்ளைங்க வாயத் திறந்து பேசணும். இல்லன்னா அடுத்த மாசத்துலேர்ந்து கரடிதான்."

"அப்ப, நான், மேடம்?"

தலைமையாசிரியை கொஞ்சம் யோசித்தார். நல்ல மனுஷி, யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்.

"ஸ்டோர் ரூம் பொறுப்பு காலியாத்தான் சார் இருக்கு" என்றார்.

அன்றைக்கே கமா சார் உட்கார்ந்து மூன்று மணி நேரப் பயிற்சி வீடியோ ஒன்றைப் பார்த்தார். அதில் வந்த ஒரு செயல்பாடு அவருக்குப் பிடித்துப்போனது. பிள்ளைகள் தங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்து, அந்த நிமிடத்தில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நிகழ்காலத் தொடர்வினையில் சொல்ல வேண்டும். பாடம் புத்தகத்தை விட்டு வீட்டுக்குள் வந்துவிடும் என்றது வீடியோ. திங்கட்கிழமையே பிள்ளைகளிடம் சொல்லிவைத்தார். "வெள்ளிக்கிழமை, ஒரு பெரியவர், வர்றார். தயாரா, வாங்கப்பா." வழக்கம்போல ஒரு சதுரமும் பேசவில்லை.

இதோ, வெள்ளிக்கிழமை. திரையின் மூலையில் பதிமூன்றாவதாக ஒரு கறுப்புச் சதுரம், ‘விருந்தினர்’ என்று. அதற்குள் அதிகாரி இருந்தார். சக்கரம் சாரின் பெயரில் நின்றது.

"சரி, நானே, உதாரணம் சொல்றேன்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "மை வைஃப் இஸ் குக்கிங்" என்றார்.

அவர் மனைவிக்கு அன்று வார விடுப்பு. ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் உட்காருகிறவர். இருபது வருடம் கண்ணாடித் துளை வழியாகவே பேசிப் பழகியதில், வீட்டிலும் அந்தத் துளைக்கு அப்பால் நிற்பவருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"நான் எங்கங்க சமைக்கிறேன்? பேப்பர் படிச்சிட்டிருக்கேன். காலைலேர்ந்து அடுப்புகிட்ட நின்னது நீங்க."

"வாக்கியம் சரிதானம்மா" என்று கிசுகிசுத்தார் சார்.

"வாக்கியம் சரி. விஷயம் பொய்."

கறுப்புச் சதுரங்களில் ஒன்று சிரித்தது. ஐந்து மாதத்தில் அந்த வகுப்பில் கேட்ட முதல் சிரிப்பு. சாருக்கு அதைக் கேட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது. சக்கரத்தை மூடிவைத்துவிட்டு, "யாராவது, தானா, சொல்லுங்க" என்றார். வழக்கம்போல அவரே பதில் சொல்லத் தயாராக வாயைத் திறந்தார்.

"நான் சொல்றேன் சார்" என்றது தையல் கடை.

சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மை கிராண்ட்ஃபாதர் இஸ் ஈட்டிங் சாக்லேட் இன் த பாத்ரூம்."

"வெரி குட். வினைச்சொல், சரியா, வந்திருக்கு" என்று பூரித்துப்போன சார், பயிற்சி வீடியோவில் சொன்னபடி ஒரு துணைக் கேள்வியும் கேட்டார். "ஏம்மா, பாத்ரூம்ல?"

"அவருக்குச் சர்க்கரை வியாதி சார். டாக்டர் திட்டியிருக்கார். அம்மாவுக்குத் தெரியாது."

சாரின் பூரிப்பு அப்படியே நின்றது. விருந்தினர் சதுரத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது.

சார் மைக்கை அடைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "தையல் கடைக்கு, ஒரு போன் போடேன். தாத்தாவைப் போய்ப் பாக்கச் சொல்லு."

மனைவி பதிவேட்டைப் பார்த்து எண்ணைப் போட்டார். இரண்டு விநாடியில் திரையிலிருந்து குரல் வந்தது. "சார், யாரோ கூப்பிடறாங்க சார். கிளாஸ் நடக்கும்போது எடுக்கக் கூடாதுன்னு கட் பண்ணிட்டேன்."

அம்மாவின் போனில்தானே பிள்ளை வகுப்பில் இருக்கிறது. பன்னிரண்டு வீட்டுக்கும் அதே கதைதான். சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்தது நான் சார்" என்றது சித்தப்பா. "மை அங்கிள் இஸ் கிளைம்பிங் அவுட் ஆஃப் த விண்டோ."

"எதுக்குப்பா?" கேட்கக் கூடாது என்று நினைப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"ஆபீஸுக்குக் காய்ச்சல்னு லீவு சொல்லிட்டு மேட்ச் பாக்கப் போறார் சார். வாசல்ல பாட்டி உக்காந்திருக்காங்க."

"எத்தனாவது மாடி?"

"ஃபர்ஸ்ட் ஃப்ளோர், சார்."

"ஐயோ, பாத்து இறங்கச் சொல்லுப்பா."

"ஹி இஸ் இறங்கிங், சார்" என்றது சித்தப்பா. பிறகு தன்னைத் திருத்திக்கொண்டு, "கிளைம்பிங் டவுன்" என்றது.

இருமல் இரண்டாவது முறையும் கேட்டது. நிகழ்காலம் ஆபத்தானது என்று சாருக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் அந்த நிமிடத்தில் ஏதோ ஒன்று நடந்துகொண்டேயிருக்கிறது. இறந்தகாலத்துக்குப் போய்விடலாம். முடிந்துபோன விஷயத்தில் யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

"இப்ப, எல்லாரும், பாஸ்ட் டென்ஸ். நேத்து நடந்தது. சின்னதா, சாதாரணமா, ஒண்ணு சொல்லுங்க."

"சார், எஸ்டர்டே மை ஆன்ட்டி கட் மை ஃபாதர்ஸ் மொஸ்டாஷ் வைல் ஹி வாஸ் ஸ்லீப்பிங்" என்றது பேக்கரி.

தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் மீசையை அத்தை வெட்டிவிட்டாள். சாரின் மனசு இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு பாதி, ‘வைல்’ போட்டு இரண்டு வினையைக் கோத்திருக்கிறதே பிள்ளை, என்று கை தட்டியது. மறு பாதி விருந்தினர் சதுரத்தைப் பார்த்து நடுங்கியது.

"முழு மீசையுமா?" என்றார் மனைவி, பேப்பரை மடித்துவைத்துவிட்டு.

"இல்ல ஆன்ட்டி, லெஃப்ட் சைடு மட்டும்" என்றது பேக்கரி.

"சொத்துத் தகராறா?"

"நீ சும்மா இரேன்" என்று கெஞ்சினார் சார். "எல்லாரும், ஃபியூச்சருக்கு, போயிடலாம். நாளைக்கு நடக்கப்போறது. இன்னும் நடக்காதது."

"அதையும் நானே சொல்லிடறேன் சார்" என்றது பேக்கரி. "டுமாரோ மை ஃபாதர் வில் கட் ஹர் ஹேர்."

சார் வீட்டுச் சமையலறையில் காலையிலிருந்து குழாயைக் கழற்றிப்போட்டு வேலை செய்துகொண்டிருந்த பிளம்பர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். சார் அவசரமாக, "வேற யாராவது" என்றார். அப்போதுதான் லாரி ஷெட் பேசியது. ஐந்து மாதத்தில் ஒரு முறைகூட ஒலித்திராத, மெல்லிய, நிதானமான குரல்.

"மை எல்டர் பிரதர் வில் ரன் அவே ஃப்ரம் ஹோம் ஆன் சண்டே."

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு ஓடிப்போகப் போகிறான். சார் நாள்காட்டியைப் பார்த்தார். நாளை மறுநாள்.

"அவன் எங்க போறான்?" என்றார். இந்த முறை கமாவே வரவில்லை.

"ஹி வில் ஜாயின் எ ஷிப், சார்."

"வீட்ல தெரியுமா?"

"நோ, சார். ஒன்லி வீ நோ."

நாம் மட்டும். அதாவது பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு ரயில்வே ஊழியர், ஒரு பிளம்பர், ஒரு கல்வி அதிகாரி. யார் செய்தார், யார் செய்யப்போகிறார் என்று ஆளைச் சொல்கிற வரைக்கும் இந்த வினை ஓயாது என்று நினைத்த சாருக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது. ஆளையே சொல்லாத வாக்கியம் ஒன்று இருக்கிறதே.

"பேஸிவ் வாய்ஸ்" என்றார். "எல்லாரும் பேஸிவ் வாய்ஸுக்கு வாங்க. செய்வினைய எடுத்துட்டா, செஞ்சது யாருன்னு, தெரியவே தெரியாது."

சமையலறை வாசலில் பிளம்பரின் தலை தெரிந்தது. "செய்வினையா சார்? யாரு வெச்சது? எடுக்கிறதுக்கு நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்கார். ஒரே வாரம்."

"அது இலக்கணம், அண்ணே."

"எந்தக் கணமா இருந்தாலும் எடுத்துடுவார் சார்."

சார் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருவதற்குள் லாரி ஷெட் பேஸிவ் வாய்ஸில் தொடங்கியிருந்தது.

"த பேக் ஹேஸ் பீன் பேக்ட். த லெட்டர் ஹேஸ் பீன் ரிட்டன்."

பை கட்டப்பட்டுவிட்டது. கடிதம் எழுதப்பட்டுவிட்டது. ஆளை எடுத்துவிட்டதும் விஷயம் இன்னும் பயங்கரமாகிவிட்டது. நிலைமை இவ்வளவு மோசமாக இருந்தும், வாக்கியத்தில் ஒரு பிழைகூட இல்லை என்பதைச் சாரின் காது கவனிக்காமல் இல்லை. போன மாதம் அவர் அந்தப் பாடத்தை நாற்பது நிமிடம் நடத்தினார். யாரும் கேட்டதாகவே தெரியவில்லை.

இனி அதிகாரியின் காதுக்கு எட்டாமல் பிள்ளைகளைப் பிரித்துவிடுவதுதான் வழி. பயிற்சி வீடியோவில் குழு அறை என்று ஒன்று காட்டினார்களே. ஒரு பொத்தானை அமுக்கினால் பிள்ளைகள் தனித்தனி அறைக்குப் போய்விடுவார்கள். சார் பொத்தானை அமுக்கினார்.

பன்னிரண்டு சதுரங்களும் ஒரே நேரத்தில் மறைந்தன. அவர்கள் எல்லாரும் ஓர் அறைக்குப் போய்விட்டார்கள். இந்த அறையில் மிஞ்சியது இரண்டே பேர். கமா சார். விருந்தினர்.

சார் திரும்பக் கூப்பிடும் பொத்தானைத் தேடினார்.

"சார்" என்றது கனமான குரல். "இங்க நாம ரெண்டு பேர்தான் இருக்கோமா?"

"ஆமாங்கய்யா."

"பிள்ளைங்க பேசறது கேக்காதா?"

"கேக்காதுங்கய்யா."

"அந்தச் சித்தப்பா இறங்கிட்டாரா?"

"தெரியலீங்கய்யா. நான், டென்ஸ், மாத்திட்டேன்."

"கேட்டிருக்கலாம் சார்" என்றார் அதிகாரி. ஒரு பெருமூச்சு வந்தது. "முப்பது ஸ்கூல் பாத்துட்டேன். இப்படி ஒரு கிளாஸ நான் பாத்ததில்ல."

அதை என்ன குரலில் சொன்னார் என்று சாரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஐயா, என் தப்புதாங்க. வீட்டு விஷயம் வெளிய வரும்னு, நான் யோசிக்கல. பிள்ளைங்க மேல, தப்பில்ல."

"அத நான் எழுதிக்கிறேன். மொதல்ல அந்தக் கப்பல்ல போற பையன் வீட்டுக்குச் சொல்லுங்க சார். இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு."

விருந்தினர் சதுரம் மறைந்தது.

பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டு வகுப்பை முடித்துவைத்த சார், சட்டையை மாட்டிக்கொண்டார். பதிவேட்டிலிருந்து லாரி ஷெட்டின் முகவரியை ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

"நானும் வரட்டுமா?" என்றார் மனைவி. இப்போது கவுன்டர் குரல் இல்லை.

"வேணாம். நீ வந்தா, அந்த அத்தை விஷயத்தையும், கேப்ப."

"கேக்க மாட்டேன்." வாசல் வரை வந்து சொன்னார், "ஸ்டோர் ரூம்னா என்னங்க, அங்கயும் சம்பளம்தானே. மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

லாரி ஷெட் பேருந்து நிலையத்தைத் தாண்டி, டயர் கடைகள் வரிசையாக இருந்த தெருவின் கடைசியில் இருந்தது. பாதி வழியில் தலைமையாசிரியையின் அழைப்பு வந்தது. சார் ஒரு டயர் அடுக்கின் நிழலில் நின்று எடுத்தார்.

"சார், அதிகாரி போன் பண்ணார்."

"தெரியும், மேடம். ஸ்டோர் ரூம் சாவி, யார்கிட்ட, இருக்கு?"

"சாவியா? கரடி வேணாம்னு எழுதிட்டார் சார். பிள்ளைங்க இவ்வளவு மனசு விட்டு, இவ்வளவு சுத்தமா இங்கிலீஷ் பேசி அவர் எங்கயும் கேட்டதில்லையாம். அடுத்த வருஷமும் நீங்கதான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பறம் சார், அந்த மீசை மறுபடி வளருமான்னு கேக்கச் சொன்னார். எந்த மீசை?" என்றார்.

சார் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். முடியவில்லை. ஒரு கிழவரின் சாக்லேட், ஒரு சித்தப்பாவின் பொய்க் காய்ச்சல், ஓர் அப்பாவின் அரை மீசை, ஒரு பையனின் ரகசியம், இத்தனையையும் ஊரறியக் கொட்டவைத்து அவர் வேலை காப்பாற்றப்பட்டிருக்கிறது. பேஸிவ் வாய்ஸ்தான், ஆனால் செய்தது யார் என்று அவருக்குத் தெரியும். நாலு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தலைமையாசிரியையிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். பிறகு கரடியோ, ஸ்டோர் ரூமோ, வந்தது வரட்டும்.

ஷெட்டில் ஒரு லாரி நின்றிருந்தது. அடியில் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"வணக்கங்க. நான், எட்டாம் கிளாஸ், இங்கிலீஷ் வாத்தியார்."

கால்கள் அசைந்தன. "கமா சாரா? வாங்க சார், வாங்க. கை விட முடியாது, நட்டு கழண்டுடும். அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடுத்துக் குடுங்க."

லாரிக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. சார் ஸ்பேனரைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"உங்ககிட்ட, ஒரு முக்கியமான விஷயம், சொல்லணும். கோபப்படாம, கேக்கணும்."

"சொல்லுங்க சார். அந்தத் துணியும் குடுங்க."

சார் துணியைக் கொடுத்தார். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துவைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. அந்தக் கால்களைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு, பிள்ளை இல்லாத குறை உண்டுங்க. அதனால, இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பையன் மேல கை வெச்சுடாதீங்க. அவன்கிட்ட, உக்காந்து, பேசுங்க. வயசு அப்படி. உங்க மூத்த பையன், ஞாயித்துக்கிழமை, வீட்ட விட்டுப் போகப்போறான். கப்பல்ல சேரப்போறான். பை கட்டியாச்சு, கடுதாசி எழுதியாச்சு. இது எனக்குத் தெரிஞ்சதே, தப்பான வழியிலதான். என் வேலைக்காக, பிள்ளைங்கள உங்க வீட்டு ரகசியத்தச் சொல்ல வெச்சுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

லாரிக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. உருளைப் பலகை உருண்டு வெளியே வந்தது. முகம் முழுக்க கிரீஸோடு ஒரு பெரிய மனிதர் அதில் மல்லாந்து படுத்திருந்தார். அவர் எழுந்து நிற்கிற வரைக்கும் சார் பின்வாங்காமல், அடியோ திட்டோ வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்ல மூத்தவனும் இல்ல, அந்தத் தையல் கடையில தாத்தாவும் இல்ல சார், இருக்கிற என் ஒத்தப் பொண்ணும் மத்த பதினோரு பேரும், நம்ம சாரத் தள்ளிட்டுக் கரடி வந்துடக் கூடாதுன்னு, ஒரு வாரமா இந்த லாரி மேல ஏறி உக்காந்து ஆளுக்கொரு புளுகு எழுதுச்சுங்க, நீங்க எந்தக் காலத்துல கேப்பீங்கன்னு தெரியாம மூணு காலத்துக்கும்."